கேளுங்கள், சொல்கிறேன்: அயுமி ஹமசாகி

சென்ற இதழில் ஜப்பானியப் பாப் இசையைப் பற்றி எழுதியபோது பாடகி அயுமி ஹமசாகியை ஒரே வரியில் பாராட்டிவிட்டு நகர்ந்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இம்முறை பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த இதழின் பக்கங்கள் முழுக்க அவருக்கே.

அக்கா, ‘இனுயாஷா’ அனிமேயை இப்போதுதான் பார்த்தேன். சில எபிசோடுகளின் முடிவில் வரும் மெதுவான பாட்டு ஒன்று மனசை என்னவோ செய்கிறது. பாடியவர் யார்?
– கல்லூரி மாணவர், திருச்சி

தம்பி, நீங்கள் சொல்வது ‘டியரெஸ்ட்’ பாட்டாகத்தான் இருக்க வேண்டும். 2001 செப்டம்பரில் வந்தது. பாடியவர், வரிகளை எழுதியவர் இருவரும் ஒருவரே: அயுமி ஹமசாகி. ரசிகர்களுக்கு அவர் ‘அயு’. அந்த ஆண்டின் ஜப்பான் ரெக்கார்ட் விருது இந்தப் பாட்டுக்குக் கிடைத்தது. 2002லும் 2003லும் அதே விருது மறுபடி அவருக்கே போனது. தொடர்ந்து மூன்று ஆண்டு அதை வாங்கியவர் அதற்கு முன் யாருமில்லை. இதுவரை விற்ற அவருடைய இசைத்தட்டுகள் 5 கோடிக்கு மேல். ஜப்பானில் தனித்துப் பாடும் பெண்களில் இந்த எண்ணிக்கையைத் தொட்டவர் வேறு எவரும் இல்லை.

அவர் முதலில் மாடலாக இருந்தவர் என்று படித்தேன். விளம்பரத்தில் நின்ற பெண் எப்படிப் பாடகியானார்? அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.
– ஆசிரியை, சேலம்

டீச்சர், அது நேர்கோட்டில் போகும் கதையல்ல. 1978 அக்டோபர் 2 அன்று, தெற்கே கியூஷூ தீவிலுள்ள ஃபுகுவோகா நகரில் பிறந்தார். மூன்று வயதானபோது அப்பா வீட்டைவிட்டுப் போய்விட்டார். அம்மா வேலைக்குப் போக வேண்டியிருந்ததால், பிள்ளையை வளர்த்தது பெரும்பாலும் பாட்டி. ஏழு வயதிலேயே உள்ளூர் வங்கி போன்றவற்றின் விளம்பரங்களுக்குப் படமெடுக்க நின்றாள். ஆசைக்காக இல்லை, வீட்டுச் செலவுக்கு உதவியாக. அவருடைய மற்ற எல்லாவற்றையும் பேசும்போது இந்த ஒன்றை நான் மறப்பதில்லை. சம்பாதிக்கும் குழந்தையாக இருந்தவர் அவர்.

பதினான்கு வயதில் தோக்கியோவுக்கு வந்து ஒரு நிறுவனத்தில் மாடலாகச் சேர்ந்தார். மாடலிங்குக்கு உயரம் போதாது என்று சொல்லி நடிப்புப் பக்கம் திருப்பிவிட்டார்கள். சில தொலைக்காட்சித் தொடர்கள், செலவில்லாமல் எடுத்த சில படங்கள். 1995இல் ஒரு ராப் ஆல்பம்கூட வெளியிட்டார்கள். யாரும் வாங்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தது, வேலை போனது. உயர்நிலைப் பள்ளியை ஏற்கெனவே பாதியில் விட்டிருந்தார். மாநகரத்தில் படிப்பும் இல்லை, பிழைப்பும் இல்லை என்று பதினேழு வயதுப் பெண் ஒருத்தி நிற்கிறாள்.

அந்தக் காலத்தில் அவர் பொழுதைக் கழித்தது ஷிபுயாவின் துணிக்கடைகளிலும் ரொப்போங்கியில் இருந்த ‘வெல்ஃபாரே’ என்ற பெரிய டிஸ்கோவிலும். அந்த டிஸ்கோ ஏவெக்ஸ் இசை நிறுவனத்துக்குச் சொந்தமானது. ஏவெக்ஸின் தயாரிப்பாளர் மாசாடோ மட்சூரா இவர் கரோக்கேயில் பாடுவதைக் கேட்டுவிட்டு, பாடகியாகலாமே என்றார். இந்த ஆளுக்கு வேறு உள்நோக்கம் இருக்குமோ என்று சந்தேகப்பட்டு இவர் முதலில் மறுத்துவிட்டார். அந்த வயதில், அந்த ஊரில், அப்படிச் சந்தேகப்பட்டது சரியான காரியம் என்றே நான் நினைக்கிறேன்.

பிறகு ஒருவழியாகச் சம்மதித்தார். ஆனால் பாட்டு வகுப்புக்கு ஒழுங்காகப் போகவில்லை. ஆசிரியர்கள் கடுமையாக நடத்துகிறார்கள், அலுப்பாக இருக்கிறது என்று மட்டம் போட்டார். மட்சூரா அவரை நியூயார்க்குக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார். அங்கிருந்து இவர் மட்சூராவுக்குக் கடிதங்கள் எழுதினார். அதுதான் திருப்பம். அந்தக் கடிதங்களின் நடையைப் பார்த்துவிட்டு, உன் பாட்டுக்கான வரிகளை நீயே எழுதிப் பார் என்றார் மட்சூரா. அதுவரை அந்தப் பெண்ணிடம் யாரும் எதையும் எழுதச் சொன்னதில்லை. நில், திரும்பு, சிரி என்று மட்டுமே சொல்லியிருந்தார்கள்.

1998 ஏப்ரல் 8 அன்று முதல் சிங்கிள், அதாவது தனிப் பாட்டாக விற்கும் இசைத்தட்டு, ‘போக்கர் ஃபேஸ்’ வந்தது. ஜப்பானில் இசைத்தட்டு விற்பனையை வரிசைப்படுத்தும் ஓரிகான் பட்டியலில் 20ஆம் இடம். பெரிய ஆரவாரமில்லை. அடுத்தடுத்துச் சில சிங்கிள்கள். 1999 ஜனவரி 1இல் முதல் ஆல்பம் ‘எ சாங் ஃபார் ××’ வந்ததும் நேராக முதலிடத்தில் போய் உட்கார்ந்தது.

உங்கள் பாராட்டு எனக்கு மிகையாகப் படுகிறது. ஒரு பெரிய நிறுவனம் பணத்தைக் கொட்டி, விளம்பரம் செய்து, அழகான முகத்தைத் தேடிப் பிடித்து விற்றது. இதில் கலை எங்கே இருக்கிறது?
– ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கோயம்புத்தூர்

ஐயா, கேள்வியின் முதல் பாதியை முழுசாக ஒத்துக்கொள்கிறேன். ஜப்பானில் ஒரு சிங்கிள் தனியாக வெளிவருவது அபூர்வம். தொலைக்காட்சித் தொடரோடோ ஒரு விளம்பரத்தோடோ கட்டித்தான் வெளியே விடுவார்கள். முப்பது நொடி விளம்பரத்தில் பாட்டின் பல்லவி ஓடும். பொருளும் விற்கும், பாட்டும் விற்கும். 1998இல் ஜப்பானின் சிடி சந்தை அதன் உச்சத்தைத் தொட்டது. அந்த ஆண்டில்தான் இவர் வந்தார். கோஸே ஒப்பனைப் பொருள்கள், பானசோனிக் லூமிக்ஸ் கேமரா என்று அவர் முகம் இல்லாத ரயில் பெட்டி இல்லை. 2002இல் ‘டைம்’ இதழின் ஆசியப் பதிப்பு அவரை அட்டையில் போட்டது. தான் ஒரு விற்பனைப் பொருள்தான், அப்படிப் பார்க்கப்படுவதும் அவசியம்தான் என்று அந்தப் பேட்டியில் அவரே சொல்லியிருக்கிறார். எந்த நிறுவனமும் தன் நட்சத்திரம் வாய்விட்டு அப்படிச் சொல்வதை விரும்பாது. ஏழு வயதிலிருந்து விளம்பரத்தில் நின்றவருக்கு அதைச் சொல்லக் கூச்சமில்லை.

இரண்டாம் பாதியைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது. விற்கப்பட்டது முகம். வரிகள் அவருடையவை. முதல் சிங்கிளிலிருந்து இன்றுவரை ஏறக்குறைய எல்லாப் பாட்டின் வரிகளும் அவரே எழுதியவை. அந்த முதல் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நீ தைரியமான பிள்ளை, அழாமல் இருக்கிறாயே, சமர்த்து’ என்று எல்லோரும் தன்னைப் பாராட்டிக்கொண்டே இருந்தார்கள், அந்தப் பாராட்டில் ஒன்றைக்கூட தான் கேட்கவில்லை, அதனால் புரியாத மாதிரி நடித்தேன் என்று ஒரு பெண் சொல்கிறாள். புத்தாண்டு தினத்தன்று, பாப் ஆல்பத்தின் முதன்மைப் பாட்டாக, இருபது வயதுப் பெண் இதை வெளியிடுகிறார். இதை எந்த விற்பனைப் பிரிவு எழுதிக் கொடுக்கும்? காதல் பாட்டு, கோடைக்காலப் பாட்டு, துள்ளல் பாட்டு என்றால் அவர்களிடம் தயாராக இருந்திருக்கும்.

அந்த ஆண்டுகளில் கணவரின் வேலை காரணமாக நான் தோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் குடியிருந்தேன். சனிக்கிழமைதோறும் வட்டாரச் சமூகக் கூடத்தில் இலவச ஜப்பானிய வகுப்பு நடக்கும். சொல்லிக் கொடுத்தவர் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மையார். பாடப் புத்தகம் அலுத்துப்போனபோது, உங்களுக்குப் பிடித்த பாட்டின் வரிகளைக் கொண்டு வாருங்கள், அதை வைத்துப் படிப்போம் என்றார். வாடகைக்கு எடுத்த சிடிக்களுக்குள் இருந்த சின்னப் புத்தகங்களிலிருந்து ஆளுக்கு ஒன்றாக நகல் எடுத்துப் போனோம். பெரும்பாலான பாட்டுகளில் இரண்டு வரிக்கு ஒரு தடவை ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். அயுவின் பாட்டில் மட்டும் அது இல்லை. தலைப்பு ஆங்கிலம், உள்ளே முழுக்க ஜப்பானியம். ஆங்கிலம் கலந்தால்தான் பாப் என்று இருந்த காலத்தில் தொடக்க ஆல்பங்களை அவர் அப்படியே எழுதினார். 2002இல் சிங்கப்பூரில் எம்டிவி ஆசிய விருது மேடையில் பாடிய பிறகுதான், அந்த ஆண்டுக் கடைசியில் வந்த ‘ரெயின்போ’ ஆல்பத்தின் சில பாட்டுகளில் ஆங்கில வரிகளைச் சேர்த்தார். வெளிநாட்டில் அவர் பாடிய முதல் மேடை அது.

எங்கள் ஆசிரியைக்கு அந்தத் தலைமுறைப் பாட்டுகளே பிடிக்காது. ‘சீசன்ஸ்’ பாட்டின் வரிகளை மட்டும் சத்தமாக இரண்டு முறை படித்தார். ஆண்டுகள் போகப் போக நினைவுகள் மங்குவதைப் பற்றிய பாட்டு அது. இந்தப் பெண்ணுக்கு என்ன வயது என்று என்னிடம் கேட்டார். 21 என்றேன். அவர் பதில் சொல்லாமல் மூன்றாவது முறையும் படித்தார்.

2000இல் வந்த ‘வோக்’, ‘ஃபார் அவே’, ‘சீசன்ஸ்’ மூன்றும் ஒன்றையொன்று தொடரும் பாட்டுகள். மாதம் ஒன்றாக வெளியாயின. உச்சத்தில் இருந்தவர் எழுதியது, பூத்தது உதிரும் என்பதைத்தான். ‘சீசன்ஸ்’ மட்டும் 10 லட்சத்துக்கு மேல் விற்றது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த ‘எம்’ பாட்டுக்கு மெட்டும் போட்டார். இசையமைப்பாளர் பெயராக அவர் போட்டுக்கொண்ட ‘கிரியா’ என்பது அவர் வளர்த்த நாய்க்குட்டியின் பெயர்.

ஐயா, அந்தத் துறையில் பணம் எப்படி ஓடுகிறது என்று நீங்கள் சொல்வதில் தவறில்லை. அதற்கு நடுவே ஒருத்தி உட்கார்ந்து தன் சொந்தச் சொற்களை எழுதிக்கொண்டிருந்தாள் என்பதும் உண்மை.

உடாடா ஹிகாருவா, அயுவா? யார் பெரியவர்? நேரடியாகப் பதில் வேண்டும்.
– வாசகர், புதுச்சேரி

நேரடியாகவே சொல்கிறேன்: இசை நுட்பத்தில் உடாடா. நியூயார்க்கில் பிறந்து, என்கா என்ற பழைய பாணி ஜப்பானிய மெல்லிசைப் பாடகி ஃபுஜி கெய்கோவின் மகளாக ஒலிப்பதிவுக் கூடங்களுக்குள்ளேயே வளர்ந்தவர். மெட்டு, குரல், தாளம் எல்லாம் அவரிடம் ஒன்றாக ஊறியவை. ஆனால் தனியாக இருக்கும் பெண்ணின் மனசைச் சொல்லில் கொண்டு வருவதில் எனக்கு அயுதான்.

இந்தப் போட்டியை மூட்டிவிட்டது வியாபாரம். 2001 மார்ச் 28 அன்று உடாடாவின் ‘டிஸ்டன்ஸ்’ ஆல்பம் வெளிவந்தது. அதே நாளில் அயுவின் தேர்ந்தெடுத்த பாட்டுகளைத் தொகுத்து ஏவெக்ஸ் வெளியிட்டது. அயுவுக்கு அதில் விருப்பமில்லை. எங்கள் ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த சிடி கடையில் வாசலின் இடப்பக்கம் ஒரு குவியல், வலப்பக்கம் ஒரு குவியல். பள்ளிச் சீருடையோடு வந்த பிள்ளைகள் பலரும் இரண்டையும் வாங்கிக்கொண்டு போனார்கள். முதல் வாரத்தில் ‘டிஸ்டன்ஸ்’ சுமார் 30 லட்சம், அயுவின் தொகுப்பு 28 லட்சத்துக்கு மேல். அந்தத் தொகுப்பின் அட்டையில் இருப்பது கண்ணீர் வழியும் அவர் முகம்.

இருவருக்கும் பகை என்று அன்று எழுதாத பத்திரிகை இல்லை. 2014இல் உடாடாவின் பாட்டுகளை மற்றவர்கள் பாடும் ஒரு ஆல்பம் வந்தபோது, அதில் ஒரு பாட்டைப் பாடிக் கொடுத்தவர் அயு.

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். அவர் உடுத்தியதையெல்லாம் பெண்கள் அப்படியே உடுத்தினார்களாமே, உண்மையா?
– வாசகி, திருப்பூர்

உண்மைதான். ஷிபுயாவில் ‘109’ என்று ஒரு கட்டடம் இருக்கிறது. மாடிக்கு மாடி இளம் பெண்களுக்கான துணிக்கடைகள். அங்கே போனால் அந்த மாதம் அயு என்ன போட்டிருக்கிறார் என்று தெரிந்துவிடும். 2000இல் வந்த ‘டியூட்டி’ ஆல்பத்தின் அட்டையில் சிறுத்தைப் புள்ளி அச்சிட்ட உடையில் இருந்தார். அதன் பிறகு ரயிலில் பை, செருப்பு, தாவணி மாதிரி கழுத்தில் சுற்றும் துணி எல்லாவற்றிலும் அந்தப் புள்ளிகள். வெளுத்த தலைமுடி, பெரிதாகத் தெரியும்படி மை தீட்டிய கண்கள், கல் பதித்த நீண்ட நகங்கள் என்று ஒவ்வொன்றாகப் பரவின. அவருடைய ‘ஏ’ எழுத்துச் சின்னத்தைக் காரின் பின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

உங்கள் தொழிலுக்குப் பிடிக்கும் ஒரு விஷயம் சொல்கிறேன். 2002 புத்தாண்டில் வந்த ‘ஐ ஆம்’ ஆல்பத்தின் அட்டைக்கு முதலில் பகட்டான ஒரு தோற்றம்தான் திட்டமாக இருந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கொடிகள் சுற்றிய உடம்பும் தோளில் ஒரு வெள்ளைப் புறாவுமாக நின்றார். உடையும் அவருக்கு ஒரு பேச்சுதான். மாடலாகப் பிறர் கொடுத்ததை உடுத்தி நின்றவர், இப்போது எதை உடுத்த வேண்டும், எதற்காக என்று தானே முடிவு செய்கிறார்.

அவருடைய காதல், கல்யாணம் பற்றி எழுதுங்களேன்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், நாகர்கோவில்

இரண்டு முறை மணந்து இரண்டும் முறிந்தன. இப்போது இரண்டு குழந்தைகளின் தாய். மட்சூராவுடனான இளமைக் காதலை வைத்து 2019இல் ஒரு பத்திரிகையாளர் நூல் எழுதினார். உண்மையும் புனைவும் கலந்தது என்று சொல்லியே வந்த நூல், அடுத்த ஆண்டு தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. இதற்கு மேல் நோண்ட எனக்கு விருப்பமில்லை.

ஒரு பாடகி நினைத்தால் கம்பெனியையே ஆட்ட முடியும் என்று நண்பர் ஒருவர் ஹமசாகியை உதாரணம் காட்டினார். அப்படி என்ன நடந்தது?
– பட்டயக் கணக்காளர், மதுரை

2004 கோடையில் ஏவெக்ஸ் நிர்வாகக் குழுவில் பெரிய மோதல் வெடித்தது. தலைவராக இருந்த யோடாவுக்கும் மட்சூராவுக்கும் ஒத்துவரவில்லை. மட்சூரா பதவி விலகினார். அவர் போனால் நானும் போகிறேன் என்று அயு தெரிவித்தார். செய்தி வெளியானதும் ஏவெக்ஸ் பங்கின் விலை சடசடவென்று இறங்கியது. சில நாட்களில் யோடா விலகினார், மட்சூரா திரும்ப வந்தார்.

உங்கள் நண்பர் இதை அதிகாரத்தின் கதையாகப் பார்க்கிறார். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்த நிறுவனத்தின் வருமானத்தில் எவ்வளவு பெரிய பங்கு ஒரே ஒரு பெண்ணின் தொண்டையை நம்பி இருந்தது என்பதை அந்தச் சில நாட்கள் காட்டிக் கொடுத்தன. கணக்காளரான உங்களுக்கு அது எவ்வளவு ஆபத்தான நிலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சுமையை ஆண்டுக்கணக்கில் தாங்கியது அவர் உடம்பு. அடுத்த கடிதம் அதைப் பற்றியதுதான்.

என் மகளுக்குப் பதினைந்து வயது. சிறு வயதிலிருந்தே பாட்டுக் கற்கிறாள். போன ஆண்டு ஒரு காதில் கேட்கும் திறன் வெகுவாகக் குறைந்துவிட்டது. பாட்டை விட்டுவிடலாம் என்கிறாள். ஹமசாகிக்கும் இப்படி ஆனது என்று கேள்விப்பட்டேன். அவர் எப்படிப் பாடுகிறார்?
– ஒரு தாய், ஈரோடு

அம்மா, உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். அவருக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2000ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே காதில் கோளாறு வந்தது. சில நிகழ்ச்சிகளைத் தள்ளி வைத்தார்கள். ஓய்வு எடுத்துவிட்டு மறுபடி மேடையேறினார். எட்டு ஆண்டுகள் கழித்து, 2008 ஜனவரி 4 அன்று ரசிகர்களுக்குத் தன் இணையப் பக்கத்தில் எழுதினார்: இடது காது இனிக் கேட்காது, சிகிச்சையால் சரி செய்ய முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார், ஆனாலும் பாடுவதை விடப் போவதில்லை. அந்த ஆண்டு, பாட வந்து பத்தாண்டு நிறைவையொட்டி ஆசியச் சுற்றுப்பயணமே போனார். 2017 மே மாதத்தில் வலது காதும் பலவீனமாகி வருவதைத் தெரிவித்தார். இன்றும் மேடையில் பாடுகிறார்.

இனி உங்கள் மகளுக்கு. ஒரு காது நன்றாக இருக்கும்வரை சுருதி தெரியாமல் போகாது. சுருதியை உணர ஒரு காது போதும். சிரமம் வருவது வேறு இரண்டு இடங்களில். ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது ஒன்று, இரைச்சலுக்கு நடுவே ஒரு குரலை மட்டும் பிரித்துக் கேட்பது இன்னொன்று. அதனால் வகுப்பில் தம்பூராவோ சுருதிப் பெட்டியோ நல்ல காதின் பக்கம் இருக்கட்டும். ஆசிரியரும் அந்தப் பக்கமே உட்காரட்டும். பக்கவாத்தியத்தோடு பாடும்போது மிருதங்கத்தை எந்தப் பக்கம் வைத்தால் வசதி என்று அவளே சொல்லட்டும். மேடையில் ஒலிபெருக்கி வைத்தால், அவளுக்குக் கேட்க வேண்டியதை நல்ல காதின் பக்கமாகத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். பெரிய மேடைப் பாடகர்கள் காதுக்குள் வைக்கும் சின்ன மானிட்டரில் தமக்கு வேண்டிய ஒலியை மட்டும் கேட்டுப் பாடுகிறார்கள். அந்த வழியும் இருக்கிறது.

நல்ல காதைக் காப்பாற்றுவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஹெட்போனில் சத்தம் வேண்டாம். கோயில் திருவிழாவில், கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கிப் பக்கம் நிற்க வேண்டாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குறிப்பிட்ட இடைவெளியில் கேட்புத்திறன் சோதனை செய்துகொள்ளட்டும். இதைப் படிக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒன்று: ஒரு காதில் திடீரென்று கேட்காமல் போனால் ஓரிரு வாரம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அது அவசரம். சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நாளும் திரும்பக் கேட்பதற்கான வாய்ப்பைக் குறைக்கும்.

பாட்டை விடுவதா வேண்டாமா என்பதை உங்கள் மகளே தீர்மானிக்கட்டும், அம்மா. ஹமசாகியை உதாரணம் காட்டி அவளை வற்புறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தைரியமான பிள்ளை என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்ட பெண் என்ன எழுதினாள் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன். உங்கள் மகள் அழ வேண்டுமானால் அழட்டும். ஒரு வாரம், ஒரு மாதம் பாடாமலும் இருக்கட்டும். பிறகு அவளாகவே தம்பூராவைத் தொட்டால், அப்போது நான் சொன்ன ஏற்பாடுகள் உதவும்.

இப்போதும் அவருக்குக் கூட்டம் வருகிறதா? பழைய நட்சத்திரம்தானே?
– வாசகர், வேலூர்

முன்போல் விற்பனை இல்லை. சிடி சந்தையே சுருங்கிவிட்டது, புது முகங்களும் எத்தனையோ வந்துவிட்டன. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் ஆண்டிறுதி இசை நிகழ்ச்சியான ‘கோஹாக்கு’வில் 1999 முதல் 2013 வரை ஓர் ஆண்டுகூட விடாமல் பாடியவர், பிறகு அதிலிருந்து விலகிக்கொண்டார். அந்த நாட்களில் அங்கே பாடிவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் யோயோகி அரங்கத்துக்குப் போய் நள்ளிரவுப் புத்தாண்டுக் கச்சேரியும் நடத்துவார். ரசிகர்கள் வருகிறார்கள். என் தலைமுறைப் பெண்கள் இப்போது மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

2025 நவம்பரில் நடந்ததைக் கேளுங்கள். ஷாங்காயில் கச்சேரி. ஜப்பானுக்கும் சீனாவுக்கும் இடையே அரசியல் கசப்பு முற்றியிருந்த நேரம். மேடையெல்லாம் கட்டி முடித்த பிறகு, முந்தின நாள் கச்சேரியை ரத்து செய்துவிட்டார்கள். அவர் கிளம்பிப் போகவில்லை. சுமார் 14,000 பேர் உட்காரும் அந்த அரங்கில் ஒருவரும் இல்லாமல், நடனக் கலைஞர்களோடும் இசைக் குழுவோடும் நிகழ்ச்சியை முதலிலிருந்து கடைசிவரை நடத்தினார். வர முடியாத ரசிகர்களுக்காக என்றார். பழைய நட்சத்திரம் என்று நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு வருத்தமில்லை. 27 ஆண்டு பாடிய யாரும் பழையவர்தான்.

அவர் பாட்டு ஒன்றுகூடக் கேட்டதில்லை. எங்கே ஆரம்பிப்பது?
– வாசகி, சென்னை

குரலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெல்லிய, உயரமான, கொஞ்சம் மூக்கில் பேசுவது போன்ற குரல். பிற்பாடு அதில் அதிர்வு கூடிப்போனது. எல்லோருக்கும் பிடிக்காது. என் வீட்டிலேயே ஒருவருக்குப் பிடிக்காது.

‘சீசன்ஸ்’ பாட்டில் தொடங்குங்கள். மெட்டு பிடித்தால் அடுத்து ‘டியரெஸ்ட்’. அதன் பிறகு முதல் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு, அதாவது நான் மேலே வரிகளைச் சொன்னது. அதைக் கேட்பதற்கு முன் மொழிபெயர்ப்பு ஒன்றைத் தேடி வரிகளைப் படித்துவிடுங்கள். துள்ளலாக வேண்டுமென்றால் 1999இன் ‘பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ்’. ‘எம்’ பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மணியோசையும் கிதாரும் மோதும் அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவரும் அவரே என்று தெரிந்து கேட்டால் வேறு மாதிரி இருக்கும். ஹெட்போனில் கேட்பதானால் ஒலியைப் பாதிக்கு மேல் வைக்காதீர்கள்.